மாட்டு வயிற்றைச் சிமுலேஷனில் சொல்லிக்கொடுக்க ஆப் வாங்கவா, நாமே செய்யவா?

குழித்துறை_டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக்கும் எம்.எஸ்சி. முதலாண்டுக்கும் செரிமான மண்டலம் என் தலையில். விலங்கை அறுத்துக் காட்டும் வழக்கம் 2014இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தடை போட்டதோடு போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, சாக்குப்பையில் தவளை வந்து இறங்கிய காலத்தை மாணவியாகப் பார்த்தவள் நான். ஆனால் அந்த இடத்தில் என்ன வந்தது என்று பார்த்தால் சுவரில் ஒரு சார்ட், அலமாரியில் நிறம் வெளிறிய ஃபார்மலின் பாட்டில்கள், இப்போது புதிதாக ஒரு ஆப்.

ஆப் கதையைச் சொல்கிறேன். ஒரு கம்பெனிக்காரர்கள் துறைக்கு வந்து டெமோ காட்டினார்கள். மாட்டைத் திரையில் சுழற்றலாம், தோலை எடுக்கலாம், விலா எலும்பை மறைக்கலாம், ரூமனை (மாட்டு வயிற்றின் நாலு அறைகளில் பெரியது) தொட்டால் அது ஒளிரும், பெயர் வரும், ஒரு குரல் இரண்டு வரி ஆங்கிலத்தில் வாசிக்கும். ஒரு மாதம் இலவசம் என்று விட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது, லேப் நேரம் முடிந்தும் சுழற்றிக்கொண்டே இருந்தார்கள். சரி, தேறிவிட்டார்கள் என்று நினைத்து வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டேன்: மாட்டுக்கு வயிறு உப்பினால் முதலில் எந்தப் பக்கம் துருத்தும்? பதில் இல்லை. நாலு அறையையும் வரையச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வரைந்தார்கள், முன்னால் ரூமன், அப்புறம் ரெட்டிகுலம், ஒமேசம், கடைசிப் பெட்டி அபோமேசம், ஒரு முனையில் வாய், மறுமுனையில் வால். வீட்டில் மாடு வளர்க்கிற பெண் ஒருத்தி, அசைபோடும்போது தீவனம் நாலாவது வயிற்றிலிருந்து திரும்பி வருகிறது என்கிறாள். பெயர் நாலும் தலைகீழாகத் தெரியும், எது எங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

இப்போது அந்தக் கம்பெனி வருடச் சந்தா கேட்கிறது. துறையில் இருக்கிற பணத்துக்கு அது பெரிய தொகை. வாங்கவா வேண்டாமா என்று என்னைத்தான் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதிரி ஊடாடும் சிமுலேஷன்களால் உடற்கூறு உண்மையிலேயே ஏறுமா, இல்லை விளையாட்டோடு போய்விடுமா? நாமே சின்ன அளவில் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது? மாடு வளர்ப்பவர்கள், கால்நடை டாக்டர்கள், சாஃப்ட்வேர் ஆட்கள், யாராக இருந்தாலும் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

---

தக்கலை_மாட்டு_டாக்டர்:

டீச்சர், அந்த ரயில் பெட்டிப் படம் உங்கள் பிள்ளைகளின் தப்பு இல்லை. சார்ட் போடுகிறவர்கள் இடம் போதவில்லை என்று நாலையும் இழுத்து நீட்டி வரைகிறார்கள், ஆப் செய்கிறவர்களும் அதே சார்ட்டைப் பார்த்துத்தான் பெயர் ஒட்டுகிறார்கள். வளர்ந்த மாட்டில் ரூமன் ஒன்றே உதரவிதானத்திலிருந்து இடுப்பு வரை வயிற்றின் இடப்பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கும். பெரிய மாட்டில் 100 லிட்டரிலிருந்து 200 லிட்டர் வரை கொள்ளும். அதற்கு முன்னால், உதரவிதானத்தை ஒட்டி ரெட்டிகுலம். இந்த இரண்டுக்கும் நடுவில் முழுச் சுவர் கிடையாது, ஒரு மடிப்புதான், சரக்கு இங்கேயும் அங்கேயும் போய் வந்துகொண்டே இருக்கும். அசைபோட மேலே வருவது இந்த இரண்டும் சேர்ந்த முன்பகுதியிலிருந்து. ஒமேசமும் அபோமேசமும் வலப்பக்கம். அதிலும் அபோமேசம் கீழே அடிவயிற்றுத் தரையில் கிடக்கும், நம் வயிறு போல அமிலம் சுரப்பது அது ஒன்றுதான். ரூமன் சுவரில் செரிமானச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது, அங்கே வேலை முழுக்க நுண்ணுயிர்களுடையது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இடம் தெரிந்தால்தான் நோய் புரியும். மாடு தீவனத்தோடு ஆணியோ கம்பித் துண்டோ விழுங்கினால் அது ரெட்டிகுலத்தில் தங்கும். ரெட்டிகுலம் சுருங்கும்போது அது முன்னால் குத்தும், உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம் இதயம். வயிற்றில் விழுந்த ஆணி இதய உறையில் சீழ் வைப்பது இப்படித்தான். வரிசையாகப் பெட்டி வரைந்த பிள்ளைக்கு இது எப்படிப் புரியும்?

நீங்கள் எந்த ஆப் பார்த்தாலும் முதலில் கன்றுக்குட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பிறந்த கன்றுக்கு அபோமேசம்தான் பெரிது, ரூமன் சின்னது. பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு பள்ளம் மடிந்து குழாய் ஆகிவிடும், பால் ரூமனில் விழாமல் நேரே ஒமேசம் வழியாக அபோமேசத்துக்குப் போகும். புல்லும் தீவனமும் கடிக்க ஆரம்பித்த பிறகுதான் ரூமன் வளர்ந்து இடத்தைப் பிடிக்கும். வயதை நகர்த்தி இந்த மாற்றத்தைப் பார்க்க முடியாத ஆப், சுழலும் சார்ட்தான். அதற்குச் சந்தா தேவையில்லை.

நாமே செய்வது என்றால் நம் ஊர்ச் சங்கதியை வைத்துச் செய்யுங்கள். சக்கைக் காலத்தில், அதாவது பலாப்பழ சீசனில், எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கதைதான்: மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பழுத்து விழுந்த சக்கையை வயிறு முட்டத் தின்றுவிட்டது. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும் பாயசத்தையும் பாசமாக ஊற்றிவிடுவதும் இதே கணக்கில் வரும். சர்க்கரையும் மாவும் திடீரென்று நிறைய வந்தால், அதைத் தின்று வேகமாகப் பெருகும் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். 6, 6.5 என்று இருந்த பி.எச். (இறங்கினால் அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) 5க்குக் கீழேகூடப் போகும், நார் செரிக்கிற நுண்ணுயிர்களும் புரோட்டோசோவாவும் சாகும், ரூமன் அசைவு நின்றுபோகும். இதில் மாணவர்கள் எதிர்பார்க்காத ஒரு திருப்பம் உண்டு. ரூமனுக்குள் கரைசல் அடர்த்தியாகிவிடுவதால் இரத்தத்திலிருந்து தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். வயிறு நிறையத் தண்ணீர் தளும்பும், ஆனால் மாடு நீரிழப்பில் கண் குழிந்து படுத்துவிடும். எவ்வளவு சக்கை, எவ்வளவு வைக்கோல், எத்தனை மணி நேரம் என்று பிள்ளைகளே மாற்றிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வேண்டும். உறுப்பின் பெயரைத் தொட்டுப் பார்ப்பதைவிட இதில் பத்து மடங்கு உடற்கூறு இருக்கிறது.

இன்னொன்று, வயிறு உப்பல். அதில் இரண்டு வகை. மாங்கொட்டையோ மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) துண்டோ தொண்டையில் அடைத்து ஏப்பம் வர வழியில்லாமல் வாயு சேர்வது ஒன்று. இளசான பயறுக்கொடியை நிறைய மேய்ந்து வாயு சின்னச் சின்ன நுரையாகச் சரக்கோடு கலந்துவிடுவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே இடப்பக்கம் துருத்தும். அடைப்பை நீக்கிக் குழாய் விட்டால் முதல் வகையில் வாயு புஸ் என்று போய்விடும், இரண்டாவதில் நுரைதான் கொஞ்சம் வரும், அதற்கு நுரையை உடைக்கிற எண்ணெய் உள்ளே போக வேண்டும். எது என்று மாணவர் முடிவெடுக்கட்டும், தப்பாக எடுத்தால் திரையில் மாடு மோசமாகட்டும். திரையில் என்பதால் பாதகமில்லை.

---

வடசேரி_கோடர்:

மேடம், நான் நாகர்கோவிலில் வெப் வேலை செய்கிறவன், உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி. டாக்டர் சார் எழுதியதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, நீங்கள் சிமுலேஷன் என்கிற ஒரே சொல்லில் வேறு வேறு வேலைகளைப் போட்டு வைத்திருக்கிறீர்கள். எது எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முப்பரிமாண மாடல் போதும். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்குக் கணக்கு வேண்டும், அதற்குப் படம்கூடத் தேவையில்லை. இப்போது என்ன செய்வது என்று முடிவெடுக்க வைப்பதற்குக் கிளை பிரிகிற கேள்வி வேண்டும். கம்பெனிக்காரர்கள் முதலாவதை மட்டும் செய்துவிட்டு மூன்றுக்கும் விலை போடுகிறார்கள்.

முப்பரிமாண மாடலை நீங்கள் செய்யப் போகாதீர்கள். பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருள் இலவசம்தான், ஆனால் ஒரு மாட்டு வயிற்றைச் சரியாகச் செய்ய அனுபவசாலிக்கே பல நாள் ஆகும். ஸ்கெட்ச்ஃபேப் மாதிரித் தளங்களில் தேடுங்கள், சிலதை இலவசமாகப் பயன்படுத்த அனுமதி கொடுத்திருப்பார்கள், உரிமத்தை மட்டும் வாசித்துவிட்டு எடுங்கள். எடுத்ததும் முதல் வேலையாக ரூமன் இடப்பக்கம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மாடலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் புரண்டுவிடுவது எங்கள் தொழிலில் சாதாரணம், யாரும் கவனிக்காமல் அப்படியே ஏற்றிவிடுவார்கள். அப்புறம் பிள்ளைகளின் போன். உங்கள் லேப் கம்ப்யூட்டரில் பறக்கிற மாடல் குறைந்த விலை ஆண்ட்ராய்டு போனில் திறக்கவே திறக்காது, சிக்கலைக் குறைத்து எடை குறைந்த கோப்பாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

கணக்குக்கு எக்ஸெல் போதும், சத்தியமாகச் சொல்கிறேன். தேடிப் பார்த்தேன், தீவனவியலில் ரொம்பப் பழைய, ரொம்ப எளிய ஒரு சூத்திரம் இருக்கிறது. ரூமனை ஒரு தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற நார் மணிக்கு இத்தனை சதவீதம் செரிக்கிறது, இத்தனை சதவீதம் செரிக்காமல் அடுத்த அறைக்குத் தள்ளப்படுகிறது. செரிக்கிற வேகத்தை, இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மொத்தம் எவ்வளவு செரித்தது என்று வந்துவிடும். செரிப்பது 6, தள்ளப்படுவது 4 என்றால் 60 சதவீதம். தள்ளப்படுவதை 2 ஆக்கினால் 75 சதவீதம். வைக்கோலை மாவு போல அரைத்துக் கொடுத்தால் சீக்கிரம் தள்ளப்படும், 6 என்று வைத்தால் பாதிதான் செரிக்கும். இரண்டு நகர்த்திப் பட்டை, ஒரு வரைபடம், முடிந்தது. மாடு ஏன் தீவனத்தை இவ்வளவு நேரம் உள்ளே பிடித்து வைத்திருக்கிறது, ஏன் அவ்வளவு பெரிய ரூமன் என்பதற்கு எனக்கே இப்போதுதான் விடை கிடைத்தது.

கிளைக் கேள்விக்கு எச்5பி என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, உங்கள் கல்லூரியில் மூடுல் (இணையவழிப் பாடத் தளம்) இருந்தால் அதற்குள்ளேயே ஓடும். டாக்டர் சொன்ன உப்பல் கதையை ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் போட்டுவிடலாம், போட்டோக்களை மட்டும் அவர் கொடுத்தால்.

ஒரு எச்சரிக்கை. திரையில் தசம இடத்தோடு எண் வந்தால் பிள்ளைகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள். பி.எச். 5.37 என்று காட்டாதீர்கள், நீங்கள் போட்ட அனுமானத்தைத்தான் அது உங்களுக்கே திருப்பிக் கொடுக்கிறது. ஏறுகிறது, இறங்குகிறது, எந்த எல்லையைத் தாண்டுகிறது, இதைக் காட்டினால் போதும்.

---

பழைய_லேப்காரன்:

ஓய்வு பெற்ற விலங்கியல் வாத்தியார் நான், இந்த மாவட்டத்தில்தான் காலம் தள்ளினேன். எல்லோரும் திரைக்குள்ளேயே நிற்கிறீர்கள், வெளியே கொஞ்சம் வாருங்கள்.

மகளே, தடை என்பது வகுப்புக்காக விலங்கைக் கொல்வதற்கும் அறுப்பதற்கும்தான் போட்டது. இறைச்சிக்கடையில் ஏற்கெனவே விற்பனைக்கு வைத்திருக்கிற ஆட்டுப் போட்டியை (இரைப்பையை) வாங்கி வந்து ஒரு தட்டில் விரித்துக் காட்ட உங்கள் துறைத் தலைவரிடம் எழுதி அனுமதி கேட்டுப் பாருங்கள். கழுவிய போட்டியில் துவாலைத் துணி போலச் சொரசொரப்பாக இருப்பது ரூமன், அறுகோணக் கட்டம் கட்டமாக இருப்பது ரெட்டிகுலம், புத்தகத்து ஏடு போல மடிப்பு மடிப்பாக இருப்பது ஒமேசம். ஒருமுறை விரலால் தடவியவன் ஆயுளுக்கும் மறக்க மாட்டான். இதற்கு எந்தச் சந்தாவும் கிடையாது, வகுப்பு முடிந்ததும் யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கக்கூடச் செய்வார்கள் (நான் வைத்ததில்லை என்று சொல்ல மாட்டேன்).

அப்புறம் மீன். குளச்சல் சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கிற அம்மாக்களிடம் குடலைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னால் வைத்துத் தருவார்கள், அவர்கள் எப்படியும் எறியப் போவதுதான். நெய்மீனின் குடலையும் மடவையின் குடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நூல் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். நெய்மீன் மீனைத் தின்கிற மீன், குடல் குட்டை. மடவை சேற்றையும் பாசியையும் வாரித் தின்பது, குடல் சுருள் சுருளாக நீண்டுகொண்டே போகும், வயிற்றின் கடைசிப் பகுதி கோழியின் அரைவைப்பை போலத் தடித்துக் கெட்டியாக இருக்கும். கோழிக்கடையில் அரைவைப்பையும் வாங்கிக் கீறினால் உள்ளே சின்னக் கல்லும் மணலும் இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உணவு என்ன, குடல் எப்படி என்று உள்ள தொடர்பை இதைவிட எந்தத் திரை காட்டிவிடும்?

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னையில் விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ்காரர்கள் கம்ப்யூஃப்ராக் என்று தவளைக்கு ஒரு மென்பொருள் கொண்டுவந்தபோதே எங்கள் துறையில் சண்டை போட்டு ஓய்ந்த விஷயம் இது. கையில் தொட்டது முதலில், திரை அப்புறம். வரிசையை மாற்றினால் பிள்ளைகளுக்கு மாடு என்பதே ஊதா நிறத்தில் ஒளிர்கிற ஒன்றாகிவிடும்.

---

தக்கலை_மாட்டு_டாக்டர்:

லேப்காரர் சார் சொன்னதில் பாதிக்கு நான் கை தூக்குவேன். போட்டி யோசனை அருமை, நாங்கள் படித்தபோது எங்களுக்கு முழு உடலே இருந்தது, விலங்கியல் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது. ஆனால் ஒன்று. தட்டில் விரித்த வயிறு அசையாது சார். அது மாட்டுக்குள் எந்தப் பக்கம் இருந்தது என்றும் சொல்லாது, உங்கள் தட்டிலும் அது வரிசையாகத்தான் கிடக்கும், டீச்சரின் ரயில் பெட்டி அங்கேயும் வரும்.

அசைவு வேண்டுமென்றால் உயிருள்ள மாட்டிடம் போக வேண்டும், அதற்கு அறுக்கத் தேவையில்லை. சாதுவான மாடு ஒன்றின் உடமைக்காரரிடம் சொல்லிவிட்டு, இடப்பக்கம் கடைசி விலாவுக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் கையை மடக்கி அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். ஸ்டெதஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. நிமிடத்துக்கு ஒன்று இரண்டு முறை உள்ளே ஏதோ உருண்டு எழும்பித் தள்ளும், தூரத்து இடி மாதிரிச் சத்தம் கேட்கும். அப்புறம் வலப்பக்கம் வந்து கேட்கச் சொல்லுங்கள், அந்த உருட்டல் கிடைக்காது. மாடு படுத்து அசைபோடும்போது கழுத்தின் இடப்பக்கத்தைப் பார்த்தால் ஒரு கவளம் மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும். எண்ணச் சொல்லுங்கள், ஒரு கவளத்தை 40 முதல் 70 முறை மெல்லும், விழுங்கும், சில விநாடியில் அடுத்தது வரும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வடசேரித் தம்பியின் எக்ஸெலுக்குப் போனால் அந்த எண்களுக்கு உயிர் வரும். மெல்ல மெல்ல உமிழ்நீர் ஊறும், ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல், அதில் உள்ள பைகார்பனேட்தான் ரூமன் அமிலமாகாமல் காக்கிறது. வைக்கோலைக் குறைத்துக் கஞ்சியைக் கூட்டினால் மெல்வது குறையும், உமிழ்நீர் குறையும், அமிலம் ஏறும். எல்லாம் ஒரே சங்கிலி, அதில் எந்தக் கண்ணியை இழுத்தால் எது நகர்கிறது என்பதைத்தான் சிமுலேஷன் காட்ட வேண்டும்.

---

அருமனைப்_பெண்:

டீச்சர், நான் வேறு கல்லூரியில் எம்.எஸ்சி. படிக்கிறேன், வீட்டில் அம்மா மாடு வளர்க்கிறார்கள், அதனால் இந்தத் திரி கண்ணில் பட்டதும் உட்கார்ந்துவிட்டேன். மாணவர்கள் பக்கமிருந்து கொஞ்சம் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

எங்கள் கல்லூரியிலும் இந்த மாதிரி ஒரு ஆப் கொடுத்தார்கள். முதல் நாள் எல்லோரும் சுழற்றிப் பார்த்தோம். இரண்டாம் நாளிலிருந்து கடைசியில் வரும் வினாடி வினாவுக்கு நேராகப் போய்விடுவோம், ஒருத்தி பதிலைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவாள், மற்றவர்கள் அழுத்துவோம். நூற்றுக்கு நூறு. ஆப் எங்களைக் கேள்வியே கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்டது.

ஒரே ஒரு மேடம் மட்டும் வேறு மாதிரிச் செய்தார்கள், அது உடலியங்கியல் பாடத்தில். கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் என்ன ஆகும் என்று பேனாவால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பென்சில் கூடாது. காரணமும் எழுத வேண்டும். அப்புறம்தான் ஓட்டிப் பார்க்க விடுவார்கள். நாம் எழுதியதற்கு நேர் எதிராக வந்தால் அன்றைக்கு முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். தப்பாக எழுதியதற்கு மார்க் குறைக்கவில்லை, ஏன் தப்பானது என்று பின்னால் எழுதுவதற்குத்தான் மார்க். இன்னொரு வேலையும் செய்தார்கள், ரோல் நம்பரின் கடைசி எண்ணை வைத்து ஒவ்வொருவருக்கும் வேறு அளவு. அதனால் வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒன்றும் ஆகவில்லை. உங்கள் சக்கை மாட்டுக்கும் அப்படியே செய்யலாமே, ஒருத்திக்குப் பாதிச் சக்கை, ஒருத்திக்கு இரண்டு முழுச் சக்கை.

அப்புறம் தயவுசெய்து லேப்பில் இணையம் இல்லாமலே ஓடுகிற மாதிரிக் கொடுங்கள். மழை பெய்தால் கரன்ட் போகும், நெட்டும் போகும், அன்றைக்கு வகுப்பு முழுக்க டீச்சர் மோடத்தோடு மல்லுக்கட்டுவதைத்தான் நாங்கள் பார்ப்போம்.

---

வடசேரி_கோடர்:

பெண்ணே, அந்தப் பேனாத் தாள் யோசனைக்கு ஒரு கும்பிடு. இணையம் இல்லாமல் ஓடுவது பிரச்சினையே இல்லை, ஒற்றை எச்.டி.எம்.எல். கோப்பாக எழுதிக் கொடுத்தால் பென்டிரைவிலிருந்தே திறக்கும், போனுக்குப் புளூடூத்தில்கூட அனுப்பலாம். ரோல் நம்பர் போட்டால் அளவு தானாக மாறுகிற மாதிரி நானே எழுதித் தருகிறேன் மேடம், காசு வேண்டாம்.

டாக்டர் சாரிடம் ஒரு கேள்வி. மாட்டை மட்டும் வைத்தால் ரூமன் எதற்கு என்பது பாதிதான் தெரிகிறது. ரூமன் இல்லாத ஒரு விலங்கையும் பக்கத்தில் ஓடவிட்டு, இரண்டுக்கும் ஒரே தீவனம் கொடுத்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது நம் ஊர் உதாரணம் உண்டா?

---

தக்கலை_மாட்டு_டாக்டர்:

உண்டு தம்பி. மரச்சீனி இலை.

கிழங்கு பிடுங்கிய வயலில் ஆட்டை அவிழ்த்து விடுவார்கள், பச்சை இலையும் தோலும் குவிந்து கிடக்கும். அதில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது, செடி நசுங்கும்போது செடியிலேயே உள்ள என்சைம் அதை உடைத்து ஹைட்ரஜன் சயனைடை வெளியிடும். ஆடு தின்றால் ரூமனில் பி.எச். நடுநிலையை ஒட்டி இருக்கிறது, என்சைம் தடையில்லாமல் வேலை செய்யும், போதாததற்கு ரூமன் பாக்டீரியாக்களும் சேர்ந்து உடைக்கும். சயனைடு சீக்கிரம், மொத்தமாக இரத்தத்துக்கு வரும். அதே இலையைப் பன்றி தின்றால் நேரே அமில வயிற்றில் விழுகிறது, அங்கே செடியின் என்சைம் பெருமளவு செயலிழந்துவிடும், சயனைடு வருவது மெதுவாகும். பன்றிக்கு ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆட்டை விடத் தாங்கும், அவ்வளவுதான். புல்லைச் செரிக்கக் கைகொடுக்கிற அதே அறைதான் இங்கே ஆட்டுக்கு எமனாகிறது. ரப்பர் மரத்து இலையிலும் இதே பொருள் உண்டு, நம் பக்கம் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு கோடு வரைந்தால் போதும், ஒன்று ஆடு, ஒன்று பன்றி, நேரம் போகப் போக இரத்தத்தில் சயனைடு எப்படி ஏறுகிறது என்று. ஆட்டின் கோடு செங்குத்தாக ஏறும், பன்றியின் கோடு சாய்வாக. அளவு எண் எதுவும் போடாதீர்கள், இலைக்கு இலை, ரகத்துக்கு ரகம் மாறும், யாராவது அதைப் பார்த்து இவ்வளவு வரை கொடுக்கலாம் என்று கிளம்பிவிடுவார்கள். இலையை வெயிலில் நன்றாக உலர்த்தினால் நஞ்சு குறையும் என்பதற்கு இன்னொரு நகர்த்தி வைக்கலாம். சிகிச்சைப் பகுதியை மட்டும் எழுதுவதற்கு முன் என்னிடம் ஒருமுறை காட்டுங்கள்.

---

பழைய_லேப்காரன்:

டாக்டர், தட்டிலும் வரிசையாகத்தான் கிடக்கும் என்று சொன்னீர்கள், அது நியாயம். போட்டியைத் தட்டில் வைக்காமல், பலகையில் மாட்டின் உருவத்தை முழு அளவில் சாக்பீஸால் வரைந்து அதன் மேல் ஒவ்வொரு அறையையும் அதனதன் இடத்தில் வைக்கச் சொன்னால் சரியாகிவிடும். இடப்பக்கப் படம் ஒன்று, வலப்பக்கப் படம் ஒன்று. இருந்தாலும் பிள்ளைகள் மீன்குடலை அளக்க வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

குழித்துறை_டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. சந்தா வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். காரணமாக, கன்றின் வயிறு வளர்ந்து மாறுவதைக் காட்டவில்லை, தீவனத்தை மாற்றிப் பார்க்க வழியில்லை என்கிற இரண்டையும் போடுகிறேன், துறையில் அது எடுபடும்.

வரிசை பற்றி லேப்காரர் சாரும் டாக்டரும் ஒத்துப்போகவில்லை, நான் இரண்டு பேர் பேச்சையும் பாதி பாதி கேட்கிறேன். முதலில் பேனாவால் எழுதும் தாள்: நாலு அறையும் எங்கே என்று மாட்டின் வெற்று உருவத்தில் வரைய வேண்டும். அப்புறம் மாட்டிடம் போய்க் கை வைத்துப் பார்த்துவிட்டு அதே தாளில் வேறு நிறத்தில் திருத்த வேண்டும். போட்டிக்கு அனுமதி கிடைத்தால் சாக்பீஸ் படத்தோடு அது, கிடைக்காவிட்டால் இலவச மாடல். கடைசியில் எக்ஸெல் தொட்டியும் சக்கை மாடும். ஆடு பன்றிக் கோடுகள் எம்.எஸ்சி.க்கு மட்டும். மீன்குடல் தனியாக ஒரு நாள் சார், குளச்சலுக்கு நானே போய் வாங்கி வருகிறேன்.

பல்கலைக்கழகத் தேர்வு இன்னும் பாகம் குறித்து வரைக என்றுதான் கேட்கிறது, அதனால் சார்ட் படத்தையும் வரையக் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு அடியிலேயே இது நீட்டி வரைந்த படம், உண்மையில் ரூமன் இடப்பக்கம் என்று ஒரு வரி எழுதச் சொன்னால் திருத்துகிறவர் மார்க்கைக் குறைக்க மாட்டார் என்று நம்புகிறேன், தேர்வுத் தாள் திருத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வடசேரித் தம்பி, கோப்பு எழுதும்போது சக்கையின் அளவைக் கிலோவில் கேட்காமல் சுளைக் கணக்கிலோ முழுச் சக்கைக் கணக்கிலோ கேட்கிற மாதிரி வையுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிபடும். டாக்டர், மார்த்தாண்டத்துக்கும் தக்கலைக்கும் நடுவில் முப்பது பேர் சுற்றி நின்றாலும் உதைக்காத மாடு யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும், தனிச்செய்தியில் சொல்லுங்கள்.